ஜோவின் தொப்பி

வசந்தி: பள்ளியில் துணைப்பாடமாகப் படித்தோமே, டிக்கன்ஸின் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவல், நேற்று ராத்திரி அதை முடித்தேன். இந்த முறை முழுசாக, 59 அத்தியாயமும். நமக்குத் தந்தது சுருக்கப் பதிப்பு.

குமரன்: எனக்கு மிஸ் ஹவிஷாம் மட்டும்தான் நினைவிருக்கிறது அக்கா. கல்யாண உடுப்பைக் கழற்றாமலே கிழவியானவள். வீட்டுக் கடிகாரமெல்லாம் 8.40இல் நிற்கும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது.

வசந்தி: எனக்கும் அதுதான் நினைவிருந்தது. இப்போது மனசு முழுக்க ஜோ.

செல்வி: கொல்லர் ஜோவா? கதாநாயகன் பிப்பின் அக்கா கணவர்?

வசந்தி: அவரேதான். பிப்பை வளர்த்தவர். பிப் லண்டன் போய்ப் பெரிய மனிதனானதும் பார்க்க வருவார், 27ஆம் அத்தியாயம். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மேல் விளிம்பில் வைப்பார். அது விழுந்துகொண்டே இருக்கும், பாய்ந்து பாய்ந்து பிடிப்பார். வகுப்பே சிரித்தது. நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குமரன்: ஏன்க்கா?

வசந்தி: ஒரு வாக்கியத்தில் ‘பிப்’ என்கிறார், அடுத்ததில் ‘சார்’ என்கிறார். ‘வாடா’ என்று தூக்கி வளர்த்தவர் ‘வாங்க’ என்று மாறுவது மாதிரி. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் தொடவில்லை.

குமரன்: படிக்கும்போது நான் பிப் கட்சி. இவர் ஏன் வந்து மானத்தை வாங்குகிறார் என்றுதான் தோன்றியது.

வசந்தி: காசு கொடுத்தால் அவர் வராமல் இருப்பார் என்றால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே சொல்கிறான். ஆனால் தம்பி, அதைச் சொல்வது அந்த இளைஞன் இல்லை. வயதான பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்கிறான். தன் வெட்கத்தை ஒளிக்காமல் எழுதுகிறான். பள்ளியில் இது எனக்குப் புரியவே இல்லை. கதை சொல்கிறவனின் வயது நமக்கும் வர வேண்டியிருக்கிறது.

செல்வி: அப்புறம் ஜோ என்ன செய்வார்?

வசந்தி: இந்த உடுப்பு எனக்குப் பொருந்தாது, பட்டறையில் சுத்தியலோடு என்னைப் பார், குறை தெரியாது என்கிறார். பிப்பின் நெற்றியை மெதுவாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார். பின்னால் பிப் நோயில் விழும்போது பார்த்துக்கொள்வதும் அவர்தான். அவன் கடனையும் அடைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கும் முன் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

நிலா: அத்தை, இதற்கு இரண்டு முடிவுகளாமே?

வசந்தி: ஆமாம்மா. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் வந்த தொடர்கதை. முதலில் எழுதிய முடிவில் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் தெருவில் சந்தித்துப் பிரிந்துவிடுவார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி டிக்கன்ஸ் மாற்றினார். எனக்குப் பழைய முடிவுதான் பிடிக்கிறது.

நிலா: 27ஆம் அத்தியாயத்தை வாசித்துக் குரல் பதிவு அனுப்புங்கள் அத்தை.

குமரன்: எனக்கும் வேண்டும்.

வசந்தி: சரி, அனுப்புகிறேன். 🎤 6:12

வசந்தி: ‘சார்’ வரும் இடத்தில் குரல் கம்மிவிட்டது. மீதியை நாளைக்கு வாசிக்கிறேன்.