ஆர்.ஓ. நிதியோடு கிணற்று நீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்வோம்

அனைவருக்கும் வணக்கம்.

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊருக்கு ஆர்.ஓ. பிளாண்ட் (குடிநீரைச் சவ்வு வழியாக வடிகட்டிச் சுத்தமாக்கும் நிலையம்) வைக்கப் பணம் திரட்டுவது பற்றிச் செயலாளர் அண்ணன் எழுதியதைப் படித்தேன். என் பங்கை இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன். கூடவே ஒரு வேண்டுகோள்: அந்தத் தொகையில் ஒரு பகுதியை இரண்டு வருட நீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மேலத்தெரு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்தது. திண்ணையில் வைத்துவிட்டுக் காப்பி குடித்து வருவதற்குள் லேசாக மஞ்சளடித்தது. சாயங்காலம் பார்த்தால் அடியில் செம்மண் போலப் படிந்திருந்தது. "எல்லாம் சுரங்கத்தால வந்த வினை" என்றார் அத்தை. எனக்குத் தெரிந்தவரை அது இரும்பு. பூமிக்குள் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிவிடும். சுரங்கமே இல்லாத ஊர்களிலும் இப்படி வருவதுண்டு. ஆனால் அத்தை சொன்னது தப்பு என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அதே போரில் எவ்வளவு இரும்பு இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே. அன்றிலிருந்து இதுதான் என் மனதை அரிக்கிறது.

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு பொங்காது. சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயலுக்கும் போகிறது. இவ்வளவு இறைத்தால் கிணற்று நீர் இறங்கவும் செய்யலாம், அதனால் தரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கிணற்றில் நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும்.

எதைப் பரிசோதிப்பது? டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), பிஎச் (அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் எண்) மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நிலக்கரியோடு கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கும். வெட்டித் திறந்ததும் காற்றும் நீரும் பட்டு அது அமிலமாகிறது. வழியில் சுண்ணாம்புச் சத்துள்ள மண் இருந்தால் அமிலம் முறிந்து பிஎச் ஒழுங்காகவே தெரியும். சல்பேட் மட்டும் ஏறியிருக்கும். அதனால் முதலில் கண் வைக்க வேண்டியது சல்பேட்டில்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 400 வரை. ஆனால் 60-ல் இருந்தது இரண்டு வருடத்தில் 150 ஆனால், வரம்புக்குள் இருந்தாலும் அது சேதிதான். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் பக்கத்தில் இருப்பதால் பாதரசத்தையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அதன் வரம்பு 0.001 மில்லிகிராம்.

ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நான்கு தடவை, அதே ஐந்து இடங்களில் எடுக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இந்த மாதங்களில்தான் மட்டம் அளக்கிறது, ஒப்பிட வசதி. ஐந்தில் ஒன்று சுரங்கத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். பண்ருட்டிப் பக்கம் மாமா முந்திரித் தோப்பில் இதே ஆழத்தில் போர் இருக்கிறது, கேட்டுவிட்டேன். அங்கேயும் இங்கேயும் ஒன்றாக ஏறினால் மழையோ மண்ணோ காரணமாக இருக்கலாம். இங்கே மட்டும் ஏறினால் அப்போது பேசலாம்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்குத் தனிப் பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு; அதை லேப்காரர்களே போட்டுத் தருவார்கள். அமிலம் இல்லாவிட்டால் என் பாட்டிலில் நடந்ததுபோல இரும்பு அடியில் தங்கிவிடும், ரிசல்ட் குறைத்துக் காட்டும். அப்புறம் தேதி, நேரம், போரின் ஆழம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

ஆர்.ஓ. குடிக்கிற தண்ணீரைச் சுத்தமாக்கும். மாடு குடிப்பதும் நாற்றங்காலுக்குப் பாய்வதும் பழைய தண்ணீர்தான்.

குடிநீர் வாரியத்தின் கடலூர் லேபில் கட்டணம் விசாரித்து அடுத்த வாரம் எழுதுகிறேன். ஊரில் இருக்கும் தம்பிகளில் பைக் வைத்திருக்கும் இரண்டு பேர் முன்வந்தால் மே மாதத்திலேயே தொடங்கிவிடலாம். பழைய போர்களின் ஆழம் யாருக்காவது நினைவிருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.