முதல் தடவை தனியா லாங் ஃப்ளைட், நடுவுல டிலே: மாட்டிக்கிட்டவங்க சொல்லுங்க

தெப்பக்குளம்
ஆகஸ்ட்ல தங்கச்சி மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புறா. இதுவரைக்கும் அவ தனியா போன பெரிய பயணம்னா மதுரையிலேர்ந்து சென்னைக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ்தான். வீட்ல அம்மா இப்பவே சாமிக்கு முடிஞ்சு வைக்க ஆரம்பிச்சாச்சு. ஃப்ளைட் டிலே ஆகி நடுவழியில மாட்டிக்கிட்டவங்க இருந்தா நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. தைரியமா இருக்கச் சொல்லுங்கங்கற மாதிரி அட்வைஸ் வேணாம், அத நானே சொல்லிக்குவேன்.

உறையூர் மல்லி
நான் போனது சென்னை, ஃபிராங்க்பர்ட், சிகாகோ. எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசா, ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ, அதுல ஒரு குக்கர். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ராத்திரி ஃப்ளைட்டுக்கு தேதிய நல்லா பாக்கச் சொல்லுங்க. டிக்கெட்ல 12ஆம் தேதி 1.50ன்னு போட்டிருந்தா 11ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்பணும். எங்க தெருவுல ஒரு அண்ணா 12ஆம் தேதி ராத்திரி மாலையோட போய் நின்னு திரும்பி வந்தாரு.

சென்னையிலேர்ந்து ஃபிராங்க்பர்ட் வரைக்கும் சொல்ல ஒண்ணுமில்ல, அழுதேன், தூங்கினேன், எறங்கிட்டேன்.

ஃபிராங்க்பர்ட்ல காலையில எறங்கி சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல அடுத்த ஃப்ளைட். பெரிய கேப்தான், பரவால்லன்னு வைஃபை போட்டு அம்மாகிட்ட பேசிக்கிட்டு, பொடி தடவின இட்லிய பாதி சாப்பிட்டுட்டு கேட்ல போய் உக்காந்தேன். போர்டிங் ஆரம்பிச்சாங்க, ஏறி உக்காந்தோம், பெல்ட்டும் போட்டாச்சு, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல வண்டி நகரவே இல்ல. ஏதோ ரிப்பேர்னு சொல்லி எல்லாரையும் எறக்கி விட்டாங்க. அப்புறம் போர்டுல டைம் மாற ஆரம்பிச்சுது, ஆறரை, ஏழு ஐம்பது, எட்டே முக்கால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா. மொத்தமா இவ்வளவு நேரம் லேட்னு சொல்லிட்டா மனுஷன் போய் படுத்துடுவான், இப்படி தவணை முறையில சொல்றதுதான் கொடுமை, பாத்ரூம் போகக்கூட பயமா இருக்கும்.

அப்ப அம்மாகிட்ட சத்தமா பேசிக்கிட்டிருந்தேனா, பக்கத்துல காபி கடையில வேலை பாக்குற ஒரு அக்கா வந்து "தமிழோ நீங்கள்?"னு கேட்டாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, சின்ன வயசுலயே ஜெர்மனி வந்துட்டாங்களாம். "எங்க போறீங்கள் பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?"ன்னாங்க. நான் கதைய சொன்னதும் போர்ட ஒரு தடவை பாத்துட்டு அவங்க சொன்னது இது: "பதினொரு மணி ஆச்செண்டா இஞ்ச பிளேன் எழும்பாது. இவங்கள் நேரம் மாத்தி மாத்திப் போடுறதப் பாத்தா இண்டைக்குப் போறமாதிரித் தெரியேல்ல. நீங்கள் இப்பவே போய் போர்வையும் சாப்பாட்டுக் கூப்பனும் கேளுங்கோ, பிந்தினா கிடையாது."

எனக்கு அப்ப இது தெரியாது. அந்த ஏர்போர்ட்ல ராத்திரி 11 மணியிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் ஃப்ளைட்டுக்குத் தடை, சுத்தி இருக்குற ஊர்க்காரங்க சத்தத்துல தூங்க முடியலன்னு கேஸ் போட்டு 2012ல கோர்ட்டும் அத உறுதி பண்ணிடுச்சு. லேட்டான வண்டிக்கு 12 மணி வரைக்கும் தனி அனுமதி வாங்கலாமாம், ஆனா எல்லாத்துக்கும் கிடைக்காது. அதனால அந்த ஊர்ல சாயங்கால ஃப்ளைட் எட்டு ஒன்பதுன்னு தள்ளிப் போச்சுன்னா வாட்சப் பாத்து மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கணும். அக்கா சொன்ன மாதிரியே பத்தரைக்கு கேன்சல், நாளைக்குக் காலையிலன்னு அறிவிச்சாங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். கவுண்டர்ல வால் மாதிரி க்யூ. என் முறை வந்தப்ப அந்தப் பொண்ணு ரொம்ப நல்லவிதமா சிரிச்சு ரெண்டு வழி சொன்னா. ஒண்ணு, ஹோட்டல் தர்றோம், தங்கிட்டு காலையில இதே ஃப்ளைட்டு. இன்னொண்ணு, காலையில முதல் ஃப்ளைட்ல வியன்னா போய் அங்கேர்ந்து சிகாகோ, கொஞ்சம் முன்னாடியே போயிடலாம். எனக்கு முன்னாடி நின்னவர் சந்தோஷமா வியன்னா வாங்கிட்டுப் போனாரு. எனக்கும் பிரிண்ட் போடவே போயிட்டா.

ஆனா ரெண்டுமே எனக்கு உதவாது! என்கிட்ட இருந்தது அமெரிக்க விசா மட்டும். அது இருந்ததால ஃபிராங்க்பர்ட்ல ஃப்ளைட் மாறுறவங்க காத்திருக்குற டிரான்ஸிட் ஏரியாவுல தனி விசா இல்லாம இருக்க விட்டாங்க, ஆனா ஹோட்டலுக்குப் போகணும்னா பாஸ்போர்ட் கண்ட்ரோல தாண்டி ஜெர்மனிக்குள்ள காலெடுத்து வைக்கணும், அதுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்குப் பொதுவான விசா வேணும். வியன்னாவும் அதே கதைதான், ஃபிராங்க்பர்ட்லேர்ந்து வியன்னாங்கறது அவங்களுக்கு நம்ம திருச்சி சென்னை மாதிரி உள்ளூர் ஃப்ளைட்டு, ஏறணும்னா ஷெங்கனுக்குள்ள நுழைஞ்சே ஆகணும். அமெரிக்க விசாவத் தவிர எதுவும் இல்லன்னு பாஸ்போர்ட்ட விரிச்சு அவ முன்னாடி வச்சேன். ஒரு செகண்ட் பாத்துட்டு "ஓ"ன்னா. அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே இல்ல. க்யூவுல பாதிப் பேரு ஐரோப்பா, அமெரிக்க பாஸ்போர்ட், அவங்களுக்கு எந்தப் பக்கம் வேணாலும் கதவு திறக்கும், அத வச்சுதான் சிஸ்டம் வழி காட்டுது. அதனால உங்க தங்கச்சிகிட்ட இத மட்டும் மண்டையில ஏத்திடுங்க, எவ்வளவு அன்பா புது ரூட் குடுத்தாலும், அது எந்த ஊர் வழியா போகுது, அங்க டிரான்ஸிட் பண்ண நம்ம பாஸ்போர்ட்டுக்கு என்ன வேணும்னு அவதான் பாக்கணும், வேற யாரும் பாக்க மாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே தன் ரூட்ல இருக்குற நாட்டோட டிரான்ஸிட் விதிய தூதரக சைட்ல படிச்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கட்டும், இதெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, நான் சொல்றேன்னு நம்ப வேணாம்.

அப்புறம் ராத்திரி. மடக்குக் கட்டிலும் மெல்லிசா ஒரு போர்வையும் குடுத்தாங்க, கூப்பன்ல ஒரு சாண்ட்விச்சும் தண்ணியும் வாங்கினா தீந்து போச்சு. லைட்ட அணைக்கவே மாட்டாங்க. துப்பட்டாவ கண்ணு மேல போட்டுக்கிட்டு, பேக் வார கணுக்கால்ல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு படுத்தேன். தனியா போறதுல நிஜமான கஷ்டம் எங்கன்னா பாத்ரூம்தான், டிராலி, பேக்பேக், போர்வை எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு அந்த சின்ன கதவுக்குள்ள நுழையணும், திரும்பி வந்தா கட்டில்ல வேற யாராவது படுத்திருப்பாங்க. நல்லவேளை, பக்கத்துக் கட்டில்ல ஹைதராபாத் ஆன்ட்டி ஒருத்தங்க, பொண்ணு பிரசவத்துக்குப் போறவங்க. எனக்குத் தெலுங்கு தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆளுக்கு ரெண்டு மணி நேரம் முறை வச்சு முழிச்சுக்கிட்டோம். மிச்ச இட்லிய அவங்கதான் காலி பண்ணாங்க, அவங்க குடுத்த சகினாலு நான் சிகாகோ வரைக்கும் கொறிச்சேன்.

செக்-இன் பெட்டிய டிரான்ஸிட்ல திருப்பித் தர மாட்டாங்க, கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. அதனால விசாவுக்காக காலேஜ் குடுக்குற ஐ-20 ஃபார்ம், காலேஜ் லெட்டர், பணம் காட்டுற பேப்பர், மாத்திரை, ஒரு செட் டிரஸ், பேட், பிரஷ் எல்லாம் கைப்பையிலயே இருக்கணும். பவர் பேங்க் எப்படியும் கைப்பையிலதான் விடுவாங்க. நம்ம ரெண்டு முள்ளு சார்ஜர் ஜெர்மனி பிளக்ல அப்படியே போயிடும், அமெரிக்காவுலதான் அடாப்டர் வேணும். மறுநாள் சிகாகோ இமிக்ரேஷன்ல ஆபீசர் என்ன படிக்கப் போற, யாரு பணம் கட்டுறாங்கன்னு கேட்டுட்டு முத்திரை குத்திட்டாரு, அதுக்குத்தான் ஃப்ளைட் ஃபுல்லா மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்.

கோவைக்காரன்
மல்லி, உங்களுக்காவது எல்லாம் ஒரே டிக்கெட்டுங்க. என் கதை வேற. ஜனவரி மாசம், கோயம்புத்தூர்லேர்ந்து டெல்லி ஒரு கம்பெனி, டெல்லியிலேர்ந்து டொரண்டோ வேற கம்பெனி, தனித்தனி பி.என்.ஆர். அப்படிப் போட்டா பதினெட்டாயிரம் ரூவா மிச்சம்னு டிராவல்ஸ்ல சொன்னாங்க, நடுவுல ஆறு மணி நேரம் இருக்குதே, என்ன ஆயிரும்ங்க?

டெல்லி பனி ஆயிருச்சுங்க. கோயம்புத்தூர்ல வெயில் பல்லக் காட்டுது, வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, ஆனா டெல்லியில எறங்க இடம் குடுக்கல. எல்லாரும் நல்லாத்தானே இருக்குது எடுங்கடான்னு சத்தம் போடறாங்க. பக்கத்துல ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா வெளக்கினாரு, டெல்லியில 50 மீட்டர் தெரிஞ்சாக்கூட எறங்கற மாதிரி மெஷின் இருக்குதாம், ஆனா அதுக்கு வண்டியும் தயாரா இருக்கோணும், பைலட்டும் அதுக்குன்னு டிரெய்னிங் எடுத்திருக்கோணும். இதுல கூத்து என்னன்னா கிளம்பறதுக்கு 125 மீட்டராவது தெரியணுமாம். அப்ப எறங்கினவன் எந்திரிக்க மாட்டான், நிறுத்த இடம் ரொம்பிப் போயிரும், பின்னாடி வர்றவனுக்கு எடமில்ல.

டெல்லி போய் சேர்றதுக்குள்ள டொரண்டோ கவுண்டர் மூடியாச்சுங்க. அவங்க கணக்குல நான் லேட்டா வந்தவன் இல்ல, வராதவன். நோ-ஷோன்னு போட்டுட்டாங்க. போறதுக்கு வரலைன்னா அதே டிக்கெட்ல இருந்த ரிட்டர்னும் தானா கேன்சல் ஆயிருமாம், அது இன்னொரு அடி. முதல் கம்பெனிகாரங்க டெல்லி கொண்டுவந்து விட்டுட்டோம், எங்க வேலை முடிஞ்சுதுங்கறாங்க, அவங்க சொல்றதும் சட்டப்படி சரிதான். நம்மூர்ல விமானக் கம்பெனிகள கவனிக்கற டிஜிசிஏ விதியில டிலேக்கு சாப்பாடு, 6 மணி நேரத்துக்கு மேல போனா வேற ஃப்ளைட்டு இல்லாட்டி முழுப் பணம்னு எல்லாம் இருக்குதுங்க, ஆனா அது அந்த கோயம்புத்தூர் டெல்லி டிக்கெட்டுக்கு மட்டும்தானே. மிச்சம் பண்ணின பதினெட்டாயிரத்தோட மேல எம்பதாயிரம் போட்டு புது டிக்கெட் எடுத்தேன். ஒரே பி.என்.ஆர்.ல போயிருந்தா அடுத்த ஃப்ளைட்ல உக்கார வைக்கறது அவங்க தலைவலி.

தங்கச்சிக்கு மதுரையிலேர்ந்தே ஒரே டிக்கெட்டா போடுங்க, பெட்டியும் நேரா கடைசி ஊருக்கு டேக் ஆயிரும். ஆனா அமெரிக்காவுல முதல்ல எறங்கற ஊர்ல பெட்டிய எடுத்து மறுபடி போடச் சொல்லுவாங்க, அத மறந்துறாதீங்க.

வெண்ணாற்றங்கரை
நான் போகல, எங்கம்மா போனாங்க. 64 வயசு, சிங்கப்பூர் வழியா சிட்னி, தம்பி வீட்டுக்கு. இங்கிலீஷ் எஸ், நோ, தேங்க்யூ. வீல்சேர் போட்டிருந்தோம், நடக்க முடியாமல்லாம் இல்ல, வழி தெரியணும்னுதான். சென்னையிலயே அஞ்சு மணி நேரம் லேட்டு, சிங்கப்பூர்ல கனெக்ஷன் போயிடுச்சு, இங்க நாங்க ஆளுக்கொரு ஃபோன வச்சுக்கிட்டு செத்துப் பொழைக்கிறோம், அம்மா ஃபோன எடுக்கவே இல்ல. கடைசியில அவங்களே கூப்பிட்டு "ஏண்டா சும்மா சும்மா அடிக்கிற, இங்க போர்டெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கான், வீல்சேர் தள்ளுற தம்பிக்கு காரைக்குடிப் பக்கம், பேசிக்கிட்டிருக்கோம்"னாங்க. போட்டோ அனுப்பினாங்க, மீன் குளத்துக்கிட்ட உக்காந்துகிட்டு.

பெரியவங்கள அனுப்புறவங்க ஒரு தாள்ல பேரு, ஃப்ளைட் நம்பர், போற ஊரு, கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டி விடுங்க. அம்மா முதல்ல "நான் என்ன ஸ்கூல் புள்ளையா"ன்னு சண்டை போட்டாங்க. அப்புறம் கவுண்டர்ல அதத்தான் எடுத்து எடுத்து நீட்டியிருக்காங்க.

தெப்பக்குளம்
எல்லாருக்கும் நன்றி. கோவை அண்ணே, தனித்தனி டிக்கெட்தான் போட இருந்தோம், இப்பதான் டிராவல்ஸுக்கு ஃபோன் பண்ணி நிறுத்தினேன். மல்லி அக்கா, அவ ரூட்டும் ஃபிராங்க்பர்ட்தான். நஷ்ட ஈடு எதாவது குடுத்தாங்களா?

உறையூர் மல்லி
குடுத்தாங்க, கேட்டு வாங்கணும். ஐரோப்பால 261/2004ன்னு ஒரு விதி இருக்கு, அங்கேர்ந்து கிளம்புற எந்த ஃப்ளைட்டுக்கும் பொருந்தும், நம்ம இந்தியனா ஜெர்மனானு பாக்காது. 3500 கிலோமீட்டருக்கு மேல போற ஃப்ளைட் நாலு மணி நேரத்துக்கு மேல லேட்டா சேர்ந்தா 600 யூரோ. பனி, புயல் மாதிரி அவங்க கையில இல்லாத காரணம்னா கிடையாது, வண்டி ரிப்பேர் பொதுவா அதுல சேராதுன்னு அங்க கோர்ட்டே சொல்லிருக்கு. அதனால "ரிப்பேர்"னு அறிவிச்ச மெசேஜ், போர்டு போட்டோ, போர்டிங் பாஸ் எதையும் தூக்கிப் போடக் கூடாது. எனக்கு முதல்ல அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தர்றோம்னாங்க, வேணாம், பணமாத்தான் வேணும்னு திருப்பித் திருப்பி மெயில் போட்டேன், ஒரு செமஸ்டர் முடியற வரைக்கும் இழுத்துட்டு அக்கவுண்ட்ல போட்டாங்க. ஜெர்மனியில கேக்குறதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, அதனால போனதும் படிப்ப பாக்கட்டும், லீவுல கேட்டுக்கலாம்.

பெட்டி வரலன்னா மட்டும் அப்படி விடக்கூடாது, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பேக்கேஜ் கவுண்டர்ல பி.ஐ.ஆர்.ங்கற புகார் ஃபார்ம் எழுதி நம்பர் வாங்கிடணும். என்னோட ஒரு பெட்டி வந்துச்சு, குக்கர் இருந்த பெட்டி மூணு நாள் கழிச்சு ஹாஸ்டல் வாசலுக்கே வந்துச்சு, குக்கரோட வெயிட்டையும் கேஸ்கெட்டையும் மட்டும் காணோம்.