சால்மனைக் காக்கக் கடற்சிங்கத்தைக் கொல்வதில் பலன் உண்டா?

உபின்காற்று:
ஜொகூர் நீரிணையில் கேலோங் (கடல்மேல் மீன்பண்ணை) வைத்திருப்பவர்களிடம், கூண்டு மீனைத் தின்னும் நீர்நாய்ப் பேச்சை எடுத்தால், “அமெரிக்காவில் சால்மனுக்காகக் கடற்சிங்கத்தையே கொல்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் இத்தனை செல்லம்?” என்கிறார்கள். அங்கே நிஜமாக என்னதான் நடக்கிறது? சத்தம் போட்டு விரட்டினால் போதாதா?

உப்புக்கரை:
விரட்டிப் பார்த்துத் தோற்ற இடம் சியாட்டலின் பாலார்ட் லாக்ஸ், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே படகுகள் கடக்கும் மதகு. ஏரிக்கு ஏறும் ஸ்டீல்ஹெட் (சால்மன் குடும்பத்து மீன்) மீன்படிக்கட்டின், அதாவது மீன் மேலேறக் கட்டிய நீர்ப்படிகளின், வாயில் நெருக்கியடித்து நிற்கும். 1980களில் அங்கே வந்த கடற்சிங்கங்களுக்கு ‘ஹெர்ஷல்’ என்று பட்டப்பெயர். நீரடி வெடி போட்டார்கள், ரப்பர் முனை அம்பு எய்தார்கள். பிடித்துக்கொண்டுபோய்த் தெற்குக் கலிபோர்னியாவில் விட்டதும் சில வாரங்களில் நீந்தித் திரும்பிவிட்டன. 1996-ல் கொலைத்திமிங்கிலப் பொம்மைகூட இறக்கினார்கள்! மீன் ருசி கண்ட விலங்குக்கு வெடிச்சத்தம் சாப்பாட்டு மணிதான். அதற்குள் வருஷத்துக்கு 3,000 அளவில் வந்த மீன் நூற்றுக்கும் கீழே போய்விட்டது. 1996-ல் மூன்றைப் பிடித்து ஃப்ளோரிடாவின் சீவேர்ல்டு கடல்விலங்குப் பூங்காவுக்கு அனுப்பியும் மீன் எழவேயில்லை.

மீன்படிக்கட்டு:
பாலார்டில் விரட்டல் பலிக்காததால்தான் அமெரிக்காவின் 1972-ன் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் 1994-ல் 120-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி உடலில் சூடுபோட்ட எண் போன்ற குறியை வைத்து அடையாளம் கண்ட தனி விலங்கை மட்டும்தான் அகற்றலாம். மாநில அதிகாரிகளுக்குப் பாதி நேரம் எண் பார்ப்பதிலேயே போனது. 2018 திருத்தம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. 2020-ல் கொலம்பியா ஆற்றுப் படுகைக்கு ஐந்து ஆண்டுகளில் 540 கலிபோர்னியக் கடற்சிங்கம், 176 ஸ்டெல்லர் கடற்சிங்கம் வரை அகற்ற அனுமதி தந்தார்கள்.

முறை இதுதான்: மிதக்கும் மேடைக் கூண்டைக் கதவு திறந்தபடியே விட்டுவைப்பார்கள். கடற்சிங்கம் ஏறி வெயில் காய்ந்து பழகும். பிறகு ஒருநாள் கதவை இறக்கி, படகிலுள்ள கூண்டுக்கு மாற்றி, மயக்கிக் கொல்லும் ஊசி போடுவார்கள். ஆற்றுக்குள் வரும் கலிபோர்னியக் கடற்சிங்கங்கள் ஆண்கள்தான், பெண்கள் தெற்கே தங்கிவிடும். ஆகவே மொத்த இனத்துக்குப் பெரிய சேதமில்லை.

ஒரிகன் மாநிலத்தின் வில்லமெட் அருவியில் 2017-ல் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த குளிர்கால ஸ்டீல்ஹெட், 2019-ல் முப்பதுக்கு மேற்பட்ட கடற்சிங்கங்களை அகற்றிய பிறகு ஆயிரக்கணக்கில் ஏறியது. இந்தப் பழக்கம் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது. பத்துக் கடற்சிங்கங்களுக்குத் தெரிவதற்கு முன்பே கைவைக்க வேண்டும். பாலார்டில் தாமதித்ததுதான் தப்பு.

அலைவரிசை:
பாதிக்கதை சொல்லி நிறுத்திவிட்டீர்கள். மீனை அப்படி ஓரிடத்தில் நெரிசலில் நிறுத்துவது பல இடங்களில் அணைதான். கொலம்பியா ஆற்றின் பான்வில் அணை கடலிலிருந்து 235 கிலோமீட்டர் உள்ளே, அதன் அடியில்தான் கடற்சிங்கங்களின் பந்தி. திறந்த கடலில் இந்தக் கணக்கு செல்லாது. கனடாவில் 1992-ல் காட் என்ற கடல்மீனைப் பிடிக்கத் தடை வந்ததற்குக் காரணம் மிதமிஞ்சிய மீன்பிடிப்பு. ஆனால் தெற்கு செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் அது மீளாமல் இருப்பதற்குச் சாம்பல் கடல்நாயும் முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. மீன் அருகிப்போனால், முன்பு தாங்கிய அதே தீனியே சுமையாகிவிடும்.

கொடுவாக்கூண்டு:
கேலோங்குக்கு வருவோம் அண்ணே. அங்கே சால்மன் அழியும் அபாயத்திலுள்ள, இயற்கையில் வாழும் மீன்; கொடுவா கூண்டுக்குள் இருக்கும் சொத்து. சொத்துக்கு வேலி போட்டால் போதும். ஸ்காட்லாந்து மீன்பண்ணைகளில் கடல்நாயைச் சுடும் உரிமத்தையே 2021-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே சிங்கப்பூரில் வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி நீர்நாயைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம்.

வலை தளர்ந்திருப்பதுதான் முதல் கோளாறு. நீரோட்டம் அடிவலையைத் தூக்கும், ஒட்டிய சிப்பியும் பாசியும் இழுவையைக் கூட்டும். வெளியிலிருந்து தள்ளினால் வலை உள்ளே குழிந்து மீன் பல்லுக்கு எட்டும். நான்கு மூலையிலும் எடை கட்டி வலையை விறைப்பாக்குங்கள். வெளியே இரண்டாவது வலை, இரண்டுக்கும் நடுவே இடைவெளி. நீர்நாய் நடைபலகை வழியாகவும் ஏறும், எனவே பலகைக்கு மேலும் வலைச்சுவர் வேண்டும். தலை நுழைந்தால் உடலும் நுழையும்.

உபின்காற்று:
அடிவலையில் செத்த மீன் தேங்குவதைச் சொல்லவில்லையே?

கொடுவாக்கூண்டு:
ஆமாம், அதுதான் வாசனை காட்டி அழைப்பது. தினமும் காலையில் தீனி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், எடுத்ததைக் கடலில் வீசாதீர்கள்.