அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பையன் எப்படிப் பேசுவான்?

நாகர்கோவில் பக்கம் ஒரு போதை மீட்பு மையத்தில் நாலு வருடமாகக் கவுன்சிலராக இருக்கிறேன் (ஊரில் அப்படிச் சொன்னால் வார்டு கவுன்சிலர் என்று நினைத்து ரோடு போடச் சொல்வார்கள்). வருகிறவர்களில் 16, 17 வயதுப் பையன்களும் உண்டு. கஞ்சா, வலி மாத்திரை, சிலருக்கு பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன். எப்போது தொடங்கினான், எவ்வளவு எடுப்பான் என்றெல்லாம் ஃபைலில் கட்டம் இருக்கும். அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கக் கட்டம் கிடையாது.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. ராத்திரி நாலு மணி வரை முழித்தே கிடப்பான், அப்புறம் செத்த மாதிரித் தூங்குவான். மாத்திரையை நிறுத்தியதால் வந்த தூக்கக்கேடு என்று எழுதி வைத்தேன். அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம் அது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

குடும்பக் கவுன்சிலிங் அன்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தார், அவ்வளவுதான், பையன் நாற்காலியோடு பின்னால் போனான். "மக்ளே, சாருட்ட சொல்லு" என்றார் அவர். "ஒண்ணும் இல்ல சாரே." இரண்டாம் நாள் சுவர் ஏறிப் போய்விட்டான்.

— குளச்சலிலிருந்து ஒரு பதில் —

அண்ணே, நானும் 17 வயசுல உள்ளே கிடந்தவன்தான். எங்க வீட்டில் அடித்தது மாமா. கவுன்சிலர் கேட்டபோதெல்லாம் வாய் திறக்கவில்லை, சமையல்கட்டில் மரச்சீனிக்குத் தோல் உரித்துக் கொடுக்கும்போது அங்கே இருந்த அக்காவிடம் தானாக வந்துவிட்டது. அவங்க கையை நிறுத்தவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதனாலதான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

— முதலில் எழுதியவர் —

தம்பி, 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்களின் குழுவினர் 9,500 பேருக்கு மேல் விசாரித்து எழுதிய ஆய்வை அந்தப் பையன் போன பிறகுதான் படித்தேன். சின்ன வயதில் அடி, பாலியல் தொல்லை, வீட்டில் குடி என்று நாலு வகையோ அதற்கு மேலோ கொடுமை பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட குடி, போதை, தற்கொலை முயற்சி எல்லாவற்றுக்கும் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதல். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இப்போது முதல் சந்திப்பில் பெற்றவர்களை டீ குடிக்க வெளியே அனுப்பிவிடுகிறேன். "காசு நான்தானே கட்டுறேன் சாரே" என்று முறைத்துக்கொண்டேதான் போகிறார்கள்.