1000 அடி போரில் 4 டிகிரிதான் ஏறுது: அளவு தப்பா, பாறையா?

ஓமலூர்_பாசனம்:
1000 அடி போர். மோட்டார் ஓடி அரை மணியில் தண்ணீர் 33 டிகிரி, பக்கத்துத் தரைக்கிணறு 29. பாடப்புத்தகத்தில் கிலோமீட்டருக்கு 25–30 டிகிரின்னு இருக்கு. அப்படிப் பார்த்தா 8, 9 ஏறணுமே?

கேசிங்_பைப்:
வாளித் தண்ணீரை வெச்சு ஆழத்துச் சூட்டைச் சொல்ல முடியாதுங்க. 300, 600 அடி ஊற்றுக்கண் தண்ணீரும் அதில் கலந்திருக்கும். அது அளவைக் குறைக்கும். சப்மெர்சிபிள் மோட்டார் சூட்டைக் கூட்டும், தண்ணீர் வரத்து குறைஞ்சா இன்னும் அதிகமா.

மோட்டார் இறக்காத போர்தான் வேணும். போர் போட்டு முடிச்ச பிறகு சில வாரம் சும்மா விடுங்க, ரிக் கிளப்பின சூடு அடங்கணும். தெர்மிஸ்டரை (வெப்பம் அளக்கும் சின்ன உணரி) கேபிளில் கட்டி, இறக்கும்போதே 5 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, எண் நிலைச்சதும் குறிங்க. தூக்கும்போது அளந்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். மேல் 100 மீட்டரை விட்டுடுங்க: பருவச் சூடு 15 மீட்டருக்குள் அடங்கிடும், கடந்த நூறாண்டு வெப்ப உயர்வு அதையும் தாண்டி இறங்கியிருக்கு. நடுவில் கொஞ்ச தூரம் வெப்பம் மாறாமல் நின்னு திடீர்னு தாவினால், போருக்குள்ளேயே ஒரு வெடிப்பிலிருந்து இன்னொண்ணுக்குத் தண்ணீர் ஓடுது. அந்தப் பகுதி கணக்குக்கு உதவாது.

கருங்கல்_சேலம்:
ஆனாலும் 4 டிகிரி நம்பக்கூடியதுதான். 1000 அடிக்கு 4 என்றால் கிலோமீட்டருக்கு 13 டிகிரி; இதுதான் வெப்பச் சரிவு. பாறையின் வெப்பக் கடத்துதிறன் 2.8 என்று வைத்துப் பெருக்கினால், பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 36 மில்லிவாட். கண்டங்களின் சராசரி ஏறக்குறைய 65.

காரணம் சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை இது. கதிரியக்கத்தால் சூடு தரும் யுரேனியம், தோரியம் இதில் மிகக் குறைவு. கன மீட்டருக்கு 0.3 மைக்ரோவாட் தரும் பாறை 10 கி.மீ. தடிமன் இருந்தாலும் மேலே சேர்ப்பது 3 மில்லிவாட்தான். 2.5 மைக்ரோவாட் தரும் கிரானைட் அதே தடிமனில் 25 சேர்க்கும். சங்ககிரி – திருச்செங்கோடு கிரானைட்டில் அதனால் வேறு எண் வரலாம், ஆனால் அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கத்து டியூனைட் பாறையில் கதிரியக்கம் சார்னோகைட்டை விடவும் சொற்பம். கடத்துதிறனை அட்டவணையில் எடுக்காமல் அந்தந்தப் போரின் கல்லையே சோதனைக்குக் கொடுங்கள்.

ஓமலூர்_பாசனம்:
ஏற்காட்டில் அளந்தா?

கருங்கல்_சேலம்:
மலை உச்சிக்கு அடியில் வெப்பச் சரிவு குறைந்தும், அடிவாரத்தில் கூடியும் காட்டும். மலையின் வடிவத்துக்காகத் திருத்தம் போடும்போது, 1000 மீட்டர் ஏறினால் தரையே சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது என்பதையும் சேருங்கள். நம் வெப்பச் சரிவு 13தான் என்பதால் மலையின் பாதிப்பில் பாதியை அதுவே கழித்துவிடும். இதை மறந்தால் திருத்தம் இரண்டு மடங்காகிவிடும்.