பல வருடம் கழித்து வாலிபால் நடுவராக நிற்கப் போகிறேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் கடைசியாக விசில் ஊதியது 1997-ல். அப்போது ஐந்தாவது செட்டைத் தவிர சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி, 15-ல் செட் முடியும். சர்வீஸ் வலையில் பட்டாலே தவறு. லிபரோ (வேறு நிறச் சட்டை போட்டு, பின்வரிசையில் தடுத்தாடுவதற்கென்றே நிற்கும் ஆட்டக்காரர்) கிடையாது.

அடுத்த மாதம் எங்கள் ஊரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 25 புள்ளி ரேலி முறை (யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்த அணிக்குப் புள்ளி) டிவியில் பார்த்தே பழகிவிட்டது. சிக்கல் லிபரோ மாற்றத்திலும் அதை ஸ்கோர் ஷீட்டில் எழுதுவதிலும்தான். அப்புறம், வலையைத் தொடுவது எப்போது தவறு, எப்போது இல்லை? எதிரணியிடமிருந்து வரும் முதல் பந்தில் இரட்டைத் தொடுதலை (ஒரே ஆட்டக்காரர் மேல் பந்து அடுத்தடுத்து இருமுறை படுவதை) எதுவரை விடலாம்? என் தப்பான விசிலால் ஒரு பிள்ளையின் முகம் வாடக் கூடாது.

தமிழில் புது விதிப்புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? மதுரைப் பக்கம் பயிற்சி ஆட்டம் நடந்தால் சொல்லுங்கள், லைன் நடுவராக வந்து நிற்கிறேன்.