போலிச்சொல் பட்டியல்: விகுதி சேர்ந்து உண்மைச் சொல்லாகிவிடுபவை

சொல்லா, சொல் இல்லையா என்று விசையை அழுத்தும் சோதனைக்கு 80 தமிழ்ச் சொற்களும் 80 போலிச்சொற்களும் (தமிழ்போல் ஒலிக்கும், பொருளில்லாத சொற்கள்) வேண்டும். சைக்கோபை (PsychoPy) என்ற சோதனை மென்பொருளில் ஓடுகிறது. இரண்டு வாரத்தில் பட்டியலை முடிக்க வேண்டும். முன்சோதனையில் போலிச்சொற்கள் பலவற்றைச் 'சொல்' என்றே அழுத்துகிறார்கள்.

போலிச்சொற்களை உருவாக்க முதலில் எழுதியது, உண்மைச் சொல்லின் யூனிகோடு குறிகளை மாற்றிப்போடும் நிரல். உயிர்க்குறிகள் மெய்யை விட்டுத் தனியே நின்றன. நீளமும் தப்பு (கொக்கு 3 எழுத்து, கணினிக்கு 6 குறி). எழுத்தெழுத்தாகப் பிரித்ததும் அது சரியானது.

அடுத்து ஓர் எழுத்து மாற்றம். 'பந்து'வில் ந் மட்டும் மாறினால் 'பங்து', தமிழில் வராத மெய்ம்மயக்கம் (மெய்யெழுத்துச் சேர்க்கை). அரை நொடியில் தள்ளிவிடுகிறார்கள். மெல்லினம், வல்லினம் இரண்டையும் சேர்த்து மாற்றினால் பஞ்சு, பங்கு, பம்பு எல்லாமே சொல். மிஞ்சிய 'பன்று'வையும் 'பன்றி' என்றே வாசிக்கிறார்கள்!

ல/ள/ழ, ர/ற, ன/ண மாற்றங்களை நீக்கிவிட்டேன். 'பளம்' காதில் பழம்தான். அகராதியில் உள்ளவையும் போயின.

தீராதது விகுதிதான். 'வண்டா' அகராதியில் இல்லை, ஆனால் வண்டு+ஆ என்று கேள்வியாகிறது. 'கட்டான்' எதிர்மறை வினைமுற்று. பேச்சு வடிவங்கள் இன்னும் மோசம். கையால் பார்த்தால் ஆளுக்கொரு தீர்ப்பு.

பேச்சு விகுதிகளையும் பிரித்து, வேர் உண்மையானதா என்று மொத்தப் பட்டியலையும் தானாகச் சோதிக்க எந்த உருபன் பகுப்பியை (சொல்லை வேர், விகுதி எனப் பிரிக்கும் மென்பொருளை) பயன்படுத்துகிறீர்கள்?